நாலு செகண்டுக்குள்

என் தொடை எனக்குப் பிடிக்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் ஐம்பத்தெட்டு நிமிடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் பிளாஸ்டிக் இருக்கையோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தாலும் பிய்த்துக்கொண்டு வருகிறது. தைலம் பூசியதில் மினுமினுவென்று இருக்கிறது. உள்ளே நரம்பு ஒன்று தன்பாட்டுக்குத் துடிக்கிறது, ஓடச் சொல்லி யாரும் கேட்காதபோதே. இந்தத் தொடையைத்தான் கிளப்பில் எல்லாருக்கும் பிடிக்கும். சேர்ந்த முதல் நாள் மேனேஜர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நல்லா இருக்கு என்றார். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாயில் புளிப்புத் தட்டுகிறது. காளையை விற்கிறவன் சிரிக்கலாம், காளை சிரிக்குமா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாற்று கோல்கீப்பர் ஆரஞ்சுச் சுளையைச் சப்பிவிட்டுச் சக்கையைக் காலடியில் துப்புகிறான். ஈ மொய்க்கிறது. பனியனுக்குள் மார்பை இறுக்கிப் பிடித்திருக்கும் கறுப்புக் கச்சை வியர்வையில் நாறுகிறது. அதன் முதுகுப் பக்கத்துப் பையில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, நான் எவ்வளவு ஓடினேன், எவ்வளவு வேகம், எத்தனை தடவை முடுக்கினேன் என்று கோட்டுக்கு வெளியே மடியில் கணினி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வருணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வருண் எங்கள் உடற்பயிற்சியாளர், என்னைவிட இரண்டு வயது பெரியவன், கெட்டவன் இல்லை. ஐம்பத்தெட்டு நிமிடமாக அது அவனுக்கு என்ன சொல்லியிருக்கும், பூஜ்யம் பூஜ்யம் என்றுதானே. ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் ஒரு கோல். கல்மண்டபம் பிரதர்ஸிடம் போய் ஒன்றுக்கு ஒன்று என்று ஆரோக்கியம் சார் கோட்டோரமாக நடந்துகொண்டே சொல்கிறார், யாரிடமும் சொல்லாமல். அவர் எங்கள் கோச். கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். இப்போது சிவந்திருக்கிறது.

கல்மண்டபம் பிரதர்ஸ் என்றால் மீன் ஏலக்காரர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் சேர்ந்து வைத்திருக்கிற டீம். இரண்டு பேருடைய காலுறை ஒரே நிறத்தில் இல்லை. ஆனால் அவர்களுடைய ஆறாம் நம்பர் குணாளன். நடு மைதானத்தில் நடந்துகொண்டிருக்கிறான் பாருங்கள், சட்டைக்கு மேலேயே தொப்பை தெரிகிறதே, அவன்தான். அவன் ஓடுவதில்லை. பந்து வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேல் ஒரு தடவை, வலது தோளுக்கு மேல் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான், தெருவைக் கடக்கிறவன் மாதிரி. அவ்வளவுதான். பிறகு பந்து வரும், அவன் காலில் பட்டதா இல்லையா என்று தெரிவதற்குள் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் தவறான பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். ஒன்பது வயதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியாசர்பாடியில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருந்த மண்ணில், செருப்பை இரண்டு பக்கமும் போட்டுக் கோல் வைத்து ஆடிய நாளிலிருந்தே அவன் இப்படித்தான். இப்போது காலையில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறான். இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. அதனால் தோள் அகலமாகியிருக்கிறது, காலும் கனத்திருக்கிறது, வேகம் இன்னும் குறைந்திருக்கிறது. முப்பது மீட்டரை அவன் இன்றைக்கு ஓடினால் ஐந்து செகண்டு ஆகும். நான் மூன்று புள்ளி ஒன்பது எட்டு. நாலு செகண்டுக்குள். கிளப்பில் அந்த எண்ணை என் பெயர் மாதிரிச் சொல்கிறார்கள். நாலுக்குள்ள ஓடுவானே, அந்தப் பையனைக் கூப்பிடு. இரண்டு சீசன், பதின்மூன்று ஆட்டம், கோல் ஒன்றும் இல்லை, கோலுக்குக் கொடுத்த பந்தும் இல்லை. ஆனால் நாலு செகண்டுக்குள்.

குணாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இந்த இடத்துக்கு வந்தால் என் மனசு செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பிக்கிறது, வேறு எதையாவது நினைக்க வேண்டும், அந்த ஈயை நினைக்க வேண்டும், சக்கையை நினைக்க வேண்டும். முடியவில்லை. என் மாமா கிளப் மேனேஜருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். செலக்‌ஷனுக்கு நாலு மாசம் முன்னால் பின்சீட்டில் என்னென்ன டெஸ்ட் என்று எழுதிய ஒரு தாள் கிடந்தது, அதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். முப்பது மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாவல், கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடுவது, பிறகு பீப் டெஸ்ட், அதாவது இருபது மீட்டர் தள்ளிப் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே மணி அடிப்பதற்குள் ஓடி ஓடித் தொட வேண்டும், மணிக்கு மணி இடைவெளி குறைந்துகொண்டே போகும், தொட முடியாதவன் வெளியே. கடைசியில் இடுக்கி மாதிரி ஒன்றால் வயிற்றுச் சதையைக் கிள்ளிக் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது. பந்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. நான் நாலு மாசம் பந்தைத் தொடவில்லை. விடியற்காலையில் கார்ப்பரேஷன் மைதானத்துக்குப் போய் முப்பது மீட்டர் அளந்து கோடு போட்டு அதை மட்டும் ஓடினேன். எப்படிக் குனிந்து கிளம்புவது, முதல் மூன்று அடியை எப்படி வைப்பது, அதை மட்டும். பரீட்சைக்குக் கேள்வித்தாள் கிடைத்தவன் பாடத்தைப் படிப்பானா. குணா மாலையில் வந்து ஏன் மச்சான் ஆட வரமாட்டேன்கிறாய் என்று கேட்டான். முட்டி வலி என்றேன். மறுநாள் அவன் அம்மாவிடம் சொல்லி நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டிலில் எடுத்துவந்தான். மாடிப்படியில் என்னை உட்காரவைத்து என் காலைத் தன் மடியில் போட்டு, வலியே இல்லாத அந்த முட்டியில் அரைமணி நேரம் தேய்த்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தான். நான் இங்கே, இல்லை, கொஞ்சம் கீழே என்று காட்டினேன். கீழே என்று காட்டினேனே. அதை எப்படிச் செய்தேன், அந்த விரல் யாருடையது.

செலக்‌ஷனில் என்ன வைப்பார்கள் என்று அவன் அதற்கு முந்தின நாள் கேட்டான். மேட்ச் வைப்பாங்கடா, வேற என்ன என்றேன். வாய்தவறி இல்லை. யோசித்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். மேட்ச் என்றால் தெம்பு வேண்டும் என்று அவன் காலையில் முனைக்கடையில் ஆறு இட்லி, வடைகறி சாப்பிட்டுவிட்டு வந்தான். எட்டு மணிக்கு இடுக்கியால் அவன் வயிற்றைக் கிள்ளிய ஆள் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். முப்பது மீட்டர் நாலு புள்ளி ஏழு ஒன்று. பீப் டெஸ்டில் ஏழாவது சுற்றில் கோட்டுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு வாந்தி எடுத்தான். மற்றவர்கள் அதைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். நானும் தாண்டினேன், மணி அடித்துவிடும் என்று. எல்லாம் முடிந்த பிறகுதான் போய் முதுகைத் தடவினேன். பரவால்லடா மச்சி என்றேன். என் கையில் பட்டதைப் புல்லில் துடைத்தேன். பிற்பகல் மேட்ச் வைத்தார்கள். அதுவும் நிஜம்தான், மேட்ச் வைத்தார்கள், ஆனால் காலையில் தேறிய இருபத்திரண்டு பேருக்கு மட்டும். குணா அன்றைக்குப் பந்தைத் தொடவே இல்லை. வீட்டுக்கும் போகவில்லை. கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜெபா லெஃப்ட்ல போ. நில்லு, இப்ப ஓடாத. இப்ப போ. அவன் போ என்றதும் போனேன், என் முன்னால் கோல் கம்பம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு இரண்டு கோல் போட்டேன். வேகமும் இருக்கு, மூளையும் இருக்கு என்று மேனேஜர் எழுதிக்கொண்டார் என்று மாமா பிறகு சொன்னார். அந்த மூளை வேலிக்கு வெளியே வெயிலில் வெறும் வயிற்றோடு நின்றுகொண்டிருந்தது.

கிளப்பில் சேர்ந்த பிறகு வேலிக்கு வெளியே யாரும் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. பந்து வந்துசேர்வதற்கு முன்னால் நான் போய்விடுகிறேன். எல்லாரையும்விட முன்னால், காலி இடத்தில், மூச்சு வாங்க, தனியாக நிற்பேன், பந்து எனக்குப் பின்னால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்தார்கள். முதலில் பெருமையாக இருந்தது. எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது என்று பின்னால் ஒருவன் சேர்த்துச் சொன்னது பிறகுதான் காதில் விழுந்தது. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. போய்விடு என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தினமும் படுக்கும்போது நினைக்கிறேன். எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்க்கிறேன், சொல்லிவிட்டார்களோ என்று. இரண்டும் நான்தான். எது அசிங்கம் அதிகம் என்று தெரியவில்லை.

எழுபது நிமிடம் ஆனபோது ஆரோக்கியம் சார் என்னைப் பார்க்கிறார். அவர் பார்க்கிறார் என்று தொடைக்கு என்னைவிட முன்னால் தெரிந்துவிட்டது, அதுவே எழுந்துவிட்டது. அந்த ஆறாம் நம்பர்காரன் கூடவே ஒட்டிக்கொள், அவன் எங்கே போனாலும் போ, அவனால் உன்னைவிட்டு ஓட முடியாது என்கிறார். கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று வருண் என் முதுகைத் தட்டிப் பார்க்கிறான். எழுபத்தோராவது நிமிடம். உள்ளே போகிறேன். எக்ஸ்பிரஸ் என்று இரண்டு மூன்று குரல். புல் இல்லாத இடத்தில் புழுதி, யாரோ துப்பிய வெற்றிலை எச்சில், சுண்ணாம்புக் கோடு. குணா பக்கத்தில் போய் நிற்கிறேன். அவன் மேல் வேர்வை நாற்றமும் மீன் வண்டி நாற்றமும் சேர்ந்து அடிக்கிறது. அவர்கள் எல்லாரும் ஒரே வண்டியில் வந்திருப்பார்கள். இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசியது நாலு தடவை இருக்கும். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“முட்டி எப்படிடா இருக்கு?” என்றான்.

இதை அவன் எப்படிக் கேட்டான். நக்கலா. நக்கல் என்றால் கண்ணில் தெரியும், குணாவுக்கு மறைக்க வராது. அப்படியென்றால் நிஜமாகவே கேட்கிறானா, இரண்டு வருஷமாக அந்த முட்டி அவன் ஞாபகத்தில் இருக்கிறதா, எண்ணெய் தேய்த்த முட்டி, பாவம் ஜெபாவுக்கு முட்டி சரியில்லை அதனால்தான் கோல் விழவில்லை என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பானா. சொல்வான். அவன் அப்படிப்பட்டவன்தான். இல்லை, அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, மாமா எங்காவது குடித்துவிட்டு உளறியிருப்பார், இவன் மனசில் வைத்துக்கொண்டு இன்றைக்கு வந்திருக்கிறான். நான் பரவால்ல என்றேன். பரவால்ல என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து வந்து அவன் காலில் பட்டுப் போய்விட்டது, எங்கள் பின்வரிசை இரண்டாகப் பிளந்துகிடக்கிறது. நான் அவன் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒரு கை தூரம், தொட்டுவிடலாம். என்ன பிரயோஜனம். அவன் ஓடினால்தானே நான் துரத்த முடியும். அவன் நடக்கிறான். நான் பக்கத்தில் நடக்கிறேன். இரண்டடி பின்னால் போகிறான், நானும் போகிறேன், நான் இருந்த இடம் காலியாகிறது, அந்தக் காலி இடத்துக்குள் அவன் ஆள் ஒருவன் புகுந்துவிடுகிறான். என்னை வைத்தே என் டீமைத் திறக்கிறான். நான் கதவு மாதிரி திறந்து திறந்து மூடுகிறேன். ஆரோக்கியம் சார் ஒட்டிக்கோ ஒட்டிக்கோ என்கிறார். ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மார்புக் கச்சை மூச்சை இறுக்குகிறது. வாயில் பித்தம் மாதிரி ஒரு கசப்பு ஊறுகிறது. இவனை எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு நிமிடம் தோன்றியது. இந்தத் தொப்பையை, இந்த நடையை, இவன் மேல் அடிக்கிற நாற்றத்தை. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன்மேல் அருவருப்பு வருகிறது. அவனுக்குச் செய்தவன் நான். செய்தவனுக்குத்தான் இது வரும் போலிருக்கிறது.

எண்பத்தாறாவது நிமிடம் அவர்களுக்குக் கார்னர். எல்லாரும் கோலுக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கிறோம். என் தோள் அவன் தோளில் இடிக்கிறது. கார்னர் அடிக்கிறவன் பந்தை வைக்கிறான், பிடிக்கவில்லை, மறுபடி எடுத்து வைக்கிறான். அந்த நேரத்தில்தான் அது என் வாயிலிருந்து வந்தது, வாந்தி மாதிரி, நான் சொல்லலாம் என்று நினைக்கவே இல்லை. மச்சி, அன்னிக்கு என்ன டெஸ்ட்னு எனக்கு முன்னாடியே தெரியும்டா. முட்டியும் வலிக்கல. மேட்ச்னு உன்கிட்ட பொய் சொன்னேன்.

குணா என்னைப் பார்க்கவில்லை. இடது தோளுக்கு மேல் ஒரு தடவை, வலது தோளுக்கு மேல் ஒரு தடவை பார்த்தான்.

“பந்தைப் பாரு” என்றான்.

பந்தைப் பார்த்தேன். ஒரு நொடி பார்த்திருப்பேன். அது உயரமாக வந்தது, எங்கள் ஆள் தலையால் முட்டி வெளியே தள்ளினான், நான் திரும்பினால் குணா பக்கத்தில் இல்லை. எல்லாரும் கோலை நோக்கிப் பாய்ந்தபோது அவன் மட்டும் பின்னால் பெனால்டி பெட்டியின் கோட்டுக்கு நடந்து போயிருக்கிறான். பந்து அவனைத் தேடிப்போய் விழுந்தது. பாய்ந்தேன். அவ்வளவு வேகமாக நான் வாழ்க்கையில் ஓடியதில்லை, காதில் காற்று கிழிந்தது, ஐந்தே பாய்ச்சலில் அவன்மேல் போய் விழுந்திருப்பேன், ஆனால் அவன் அதற்குள் காலின் உள்பக்கத்தால் மெதுவாக, குழந்தையைத் தூங்கவைக்கிறவன் மாதிரி, நான் எந்த வழியாக வந்தேனோ அதே வழியாகவே அதைத் திருப்பி உருட்டிவிட்டான். நான் விட்டுவந்த இடத்தில் அவன் ஆள் நின்றிருந்தான். கோல். புழுதியில் குப்புற விழுந்துகிடந்தேன். உதட்டில் மண். எழுந்திருக்க மனசில்லை. என்ன அர்த்தத்தில் சொன்னான். ஏமாற்றுவதற்குச் சொன்னானா, மன்னித்துச் சொன்னானா, அல்லது வேலிக்கு வெளியே நின்று சொன்ன மாதிரி, ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தைப் பாரடா என்று சும்மா சொன்னானா. அவனுக்கு அது பெரிய விஷயமே இல்லையோ என்று நினைத்தபோதுதான் மிகவும் கேவலமாக இருந்தது. இரண்டு வருஷமாக நான் சுமந்தது அவனுக்கு ஒரு கார்னர் அளவுக்குக்கூட இல்லையா.

இரண்டுக்கு ஒன்று. முடிந்ததும் அவர்கள் குணாவைத் தூக்கப் பார்த்தார்கள், கனம் தாங்காமல் கீழே விட்டுச் சிரித்தார்கள். வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தான். எனக்கும் கொடுத்தான், மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஏதாவது சொல்வான் என்று கையை விடாமல் பிடித்தேன். “வண்டி நிக்குது, போணும்” என்றான். போய்விட்டான்.

உடை மாற்றும் அறையில் பினாயில் நெடி, யாரோ அழுக்குக் காலுறையை வாஷ்பேசினில் போட்டிருந்தார்கள். மேனேஜர் வந்திருந்தார். ஆரோக்கியம் சாரிடம், அந்த ஆறாம் நம்பர் நம்ம செலக்‌ஷனுக்கு வந்திருக்கானா என்று கேட்டார். வந்திருக்கிறான் என்று வருண் கணினியில் தேடி எடுத்தான். கொழுப்பு இவ்வளவு, நாலு புள்ளி ஏழு ஒன்று, ஏழாவது சுற்று என்று படித்தான். ஓ என்று மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். நான் கச்சையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஏற்கனவே ஒரு தடவை சொன்ன வாய், இரண்டாவது தடவை சுலபமாக வந்தது. சார், அவன் அன்னிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்தான். மேட்ச்தான் வைப்பாங்கன்னு நான் பொய் சொன்னேன். தாள் எனக்கு முன்னாடியே கிடைச்சது. மாமா பெயரைச் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது. போய்விடு என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆரோக்கியம் சார் என்னைப் பார்த்தார். காது சிவக்கவில்லை.

“இதை இப்ப ஏன் சொல்ற?” என்றார்.

கச்சையைச் சுருட்டிப் பெஞ்சில் வைத்தேன். சாப்பிடாமல் வந்திருந்தாலும் நாலு புள்ளி ஆறு ஓடியிருப்பான் சார், நாலுக்குள்ள வரமாட்டான் என்று வருண் நியாயமாகச் சொன்னான். மேனேஜர் தலையாட்டினார். தாள் எப்படிக் கிடைத்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. முன்னாடியே தெரிஞ்சு நாலு மாசம் உழைச்சிருக்கான், அதுவும் ஒரு குணம்தானே என்றார். பிறகு வருண் கணினியை என் பக்கம் திருப்பினான். எண்பத்தாறாவது நிமிடம், நின்ற இடத்திலிருந்து ஐந்தே பாய்ச்சலில் மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், இந்த லீக்கிலேயே இந்த வருஷம் யாரும் இப்படி முடுக்கவில்லை. குணாமேல் விழப் பாய்ந்த ஓட்டம். கோவாவிலிருந்து ஒரு கிளப் இந்த எண்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் உன்னை நாங்களே இரண்டு வருஷத்துக்குப் போட்டுக்கொள்கிறோம் என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார். சரி சார் என்றேன். உடனே சொன்னேன். சுகமாகப் பசித்தது, நன்றாகப் பசித்தது, அந்தச் சுகத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டம் முடிந்தால் எடை பார்ப்பது வழக்கம், வியர்வையில் எவ்வளவு போயிற்று என்று குறித்துக்கொள்வார்கள். வருண் இயந்திரத்தைக் காலால் என் பக்கம் நகர்த்தினான். ஜட்டியோடு ஏறினேன். ஈரமான தரையிலிருந்து ஏறியதில் பாதம் வழுக்கியது, எண்கள் மேலும் கீழும் ஓடின. அசையாம நில்லு ஜெபா, அது நிக்கட்டும் என்றான். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.